சிலிகுரியும் கோழிக்கோடும்

2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இனந்தெரியாத காய்ச்சல் 66 பேரைத் தாக்கியது. 45 பேர் மாண்டனர். பெரும்பாலோர்க்கு நோய் தொற்றியது மருத்துவமனையில்தான். காரணம் நிபா வைரஸ் என்ற ஆய்வு முடிவு 2006-இல்தான் வெளியாயிற்று.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில், ஒரே குடும்பத்தில் அடுத்தவரும் நோயுற்றதுமே மருத்துவர்கள் ஐயுற்றனர். மணிபால் ஆய்வகமும் புனே தேசிய வைராலஜி நிறுவனமும் சில நாட்களிலேயே நிபாவை உறுதிசெய்தன. அதற்குள் மருத்துவமனையில் தொற்று பரவியிருந்தது. செவிலியர் லினி உயிர்நீத்தார். நோயாளிகளுடன் பழகிய 2,000-க்கும் மேற்பட்டோரைச் சுகாதார ஊழியர்கள் தேடிக் கண்காணித்தனர். ஜூன் முடிவதற்குள் தொற்று அடங்கியது.

கிருமி ஒன்றே, கண்டறியப் பிடித்த காலமே வேறு. தாமதத்துக்கு உயிரை விலையாகத் தருவோர் நோயாளிகளும் மருத்துவமனைத் தொழிலாளர்களுமே. மாவட்டந்தோறும் அரசு ஆய்வகம், ஒப்பந்த முறை ஒழிந்த நிரந்தரப் பணி: இக்கோரிக்கைகளைக் கட்சியின் ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.