ஈறு நோயும் துணை மருந்துகளும்

(கிருஷ்ணன்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்குப் பல்லைப் பற்றிப் பேச என்ன உரிமை எனச் சிலர் வினவக்கூடும். பல்லின்றேல் தகரமும் நகரமும் செவ்வனே பிறவா. ஆதலின் இப்பொருள் என் துறைக்கு முற்றும் புறம்பன்று.

ஈற்றில் குருதி கசிந்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. பல் ஆடத் தொடங்கிய பின்னரே கவலை கொள்கிறோம். அப்பொழுதும் பல் மருத்துவரை நாடாது, பஸ் நிலையத்தருகே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். இவ்வழக்கத்தால் விளையும் கேட்டையே இன்று கூற வந்தேன்.

கிருமிகள் பல்லின் அடியிற் படலமாகப் படிந்து, நாளடைவில் காரையாக இறுகுகின்றன. ஈறு அழன்று பல்லை விட்டு விலகுகிறது. இடையே பள்ளம் உண்டாகிறது. நலமுள்ள வாயில் அப்பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. நோய் முதிர்ந்தால் பள்ளம் ஆழ்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. படலத்துள் மறைந்த கிருமிகளை மாத்திரை எளிதில் அழிப்பதில்லை. இறுகிய காரையை எம்மாத்திரையும் கரைப்பதில்லை. ஆதலின் மருத்துவர் கருவிகொண்டு ஈற்றின் மேலும் கீழும் அதனை அகற்றுவதே முதற்சிகிச்சை. அவ்வாறு செய்தால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் வேண்டா. மூடியிருந்த காரை நீங்கவே, நோய் முன்னரே செய்த சிதைவு கண்ணுக்குப் புலனாகிறது, அவ்வளவே.

"வந்துவிட்டான்" என்பதில் "விட்டான்" துணைவினை. "வந்து" என்பதை நீக்கினால் அதன் பொருள் கெடும். மருந்துகளின் நிலையும் அத்தகையதே. முதற்சிகிச்சையைச் சார்ந்தே அவற்றுக்குப் பயன் உண்டு.

இனி, அத்துணைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு, ஆய்வுகளைச் சீர்தூக்கி 2020-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சிலருக்குப் பயன் தரினும், எல்லோர்க்கும் வழக்கமாகக் கொடுத்தலாகாது என்பது அதன் முடிபு. கண்டபடி உண்பதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகும். பின்னர் உயிர் காக்க வேண்டிய வேளையில் அம்மருந்து உதவாது. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியைச் சிறிது காலம் கொள்ளலாம். நீடித்தால் பல்லிற் கறை படியும், சுவை மாறும். பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரியார் ஸ்டாட்டின், மெட்பார்மின் களிம்புகளை ஈற்றுப் பள்ளத்தில் இட்டு ஆராய்ந்து நற்பயன் கண்டனர். எனினும் அக்களிம்புகளையும், ஒமேகா-3 எண்ணெயையும், நன்மைக் கிருமி மாத்திரைகளையும் 2020 நெறிமுறை பரிந்துரைக்கவில்லை.

வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கிக் குருதி கசியும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், அந்நோயுற்ற மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார். குறையுள்ளார்க்கே அது மருந்து; ஏனையோர்க்கு நெல்லியும் கொய்யாவும் போதும்.

நல்லெண்ணெய் கொப்பளித்தல் பயன்படுமோ எனின், சென்னையில் 20 சிறுவரைக்கொண்டு 10 நாள் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஈற்றழற்சி குறைந்தது. ஆயின் அது தொடக்க நிலை நோய். எலும்பு கரைந்த நிலைக்கு அம்முடிபு பொருந்தாது.

நீரிழிவுடையோர் இதனைச் சிறப்பாகக் கருதுக. நீரிழிவு ஈற்றைக் கெடுக்கும். கெட்ட ஈறு நீரிழிவை மிகுவிக்கும். ஈற்றுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகையிலையை விடாதவர்க்கோ எச்சிகிச்சையும் முழுப்பயன் தருவதில்லை.

ஆதலின் அன்பர்களே! நாள்தோறும் இருமுறை பல் துலக்குங்கள். பல்லிடுக்குகளையும் தூய்மை செய்யுங்கள். குருதி கண்ட அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சிகிச்சை முடிந்த பின்னும் அவர் குறித்த தவணையில் தவறாது காட்டுங்கள். மருந்து வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை முதற்சிகிச்சைக்குச் செலவிட்டால் பல் நிற்கும், பணமும் மிஞ்சும்.