பெற்றோருக்கும் பள்ளியில் இடம் உண்டு

1956-இல் கேரளம் உருவானபோது தேவிகுளம், பீருமேடு, பாலக்காட்டுச் சித்தூர் ஆகிய எல்லைப் பகுதித் தமிழர் அம்மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினராயினர். அவ்வாண்டே அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350-ஏ பிரிவு, அத்தகையோரின் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக்கல்வி பெற வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ, அரசினர் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும் என்கிறது.

ஆயினும் கொழுந்து பறிக்கும் தாய் வேலைநாளில் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழப்பாள். அழைப்பு மலையாளத்தில் மட்டும் வந்தால் படிக்கவும் இயலாள். ஆகவே கூட்டம் ஞாயிறன்று, தமிழில் நடைபெறுதல் நலம். பிள்ளைகள் குறையின் தமிழ் வகுப்பும் குறையும். அவ்வகுப்பைக் காக்கவல்லவர் பெற்றோரே. வேற்று மாநிலங்களில் வாழும் நாமும், பிள்ளையைச் சேர்த்த நாளோடு நின்றுவிடாது, ஆண்டு முழுதும் பள்ளிப்படி ஏறுவோமாக.