செலவு குறைந்த கடலோரச் சுற்றுலா: பெற்றோர் கூட்ட உரை



ஆகஸ்டில் பாடசாலை திறந்ததும், "விடுமுறையில் எங்கே சென்றாய்?" என்ற வினா வகுப்பில் எழும். விடையின்றித் தலைகுனியும் பிள்ளைகள் குரோருட்டிலும் உள்ளனர். 1988இல் திறக்கப்பட்ட தூசன்ஃப்ரீட் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டு ஐவர் கொண்ட குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

கடலோ கட்டணம் கேட்பதில்லை. குரோருட்டில் 5ஆம் இலக்க நிலக்கீழ்த் தொடரூந்தில் ஏறி நஷனால்தியேத்ரெத்தில் இறங்கினால், நகர மண்டபத்தின் முன்னுள்ள படகுத்துறை நடைதூரமே. ஹூவெடேயா தீவுப் படகுக்கும் அதே முதலாம் வலயப் பயணச்சீட்டுப் போதும். மாதச்சீட்டு வைத்திருப்போர் வேறெதுவும் வாங்கவேண்டியதில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமே இல்லை. இவ்வசதியைப் பலர் இன்னும் அறியாதிருப்பது வியப்பே.

தீவில் குளிக்கும் கரையும், 1147இல் நிறுவப்பட்ட மடாலயத்தின் இடிபாடுகளும் உண்டு. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டுவதற்குப் பொதுத்தடை உள்ளதால், கட்டுச்சோறே உகந்தது.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்வது நன்று. ஒரு குடும்பம் உணவைப் பொறுப்பேற்கட்டும். மற்றொன்று படகு நேரங்களைக் குறித்துக்கொள்ளட்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைபேசியை ஒதுக்கிவைத்து, நீரிலுள்ள பிள்ளைகளை மட்டுமே கவனிக்க வேண்டும். அவரை முறை வைத்து மாற்றலாம். மழைக்கென மாற்று நாளொன்றையும் இன்றே குறித்துக்கொள்க.