படுத்தபடியே ஒரு பயணம்



1985 டிசம்பரில், நம் கன்னியாகுமரியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் காஷ்மீரை நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டார்கள். மதத்தாலும் மொழியாலும் பிளவுபட்ட மக்களை அன்பால் இணைப்பதே நோக்கம். அவர்களை அழைத்தவர் பாபா ஆம்தே. மகாராஷ்டிராவின் ஆனந்தவனத்தில் தொழுநோயாளரோடு வாழ்ந்தவர். எழுபதைக் கடந்த வயது. முதுகெலும்பு நோயால் அவரால் உட்காரக்கூட முடியாது. வண்டிக்குள் படுத்தபடியே சுமார் 5,000 கிலோமீட்டர் அவர்களோடு சென்றார். 1986-இல் பயணம் நிறைவுற்றது.

மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அங்கே நால்வர் ஒருவரைச் சுமந்தார்கள். இங்கே படுத்திருந்த ஒருவர் நூறு பேரின் மனவுறுதியைச் சுமந்தார்.

இன்றும் பிறருக்காக நிதி திரட்டிப் பல நாள் சைக்கிள் மிதித்துக் குமரிமுனைக்கு வருகிறார்கள். நாம் கைதட்டி வரவேற்கிறோம், நல்லது. ஆனால், மிதிக்க முடிந்தவர்தான் பங்கெடுக்க முடியும் என்று நினைத்துவிடுகிறோம். நம் பங்கிலும் நோயாளரை உதவி பெறுபவராக மட்டுமே பார்க்கிறோம். நற்கருணை கொண்டுபோகிறோம், பழம் கொடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். அவர்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோமா?

அடுத்த அன்பியக் கூட்டத்தை அப்படிப்பட்ட ஒருவரின் கட்டிலருகே கூட்டுங்கள். இந்த மாதம் எந்த ஏழைக் குடும்பத்துக்கு உதவலாம் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லட்டும், கால் உள்ளவர்கள் ஓடுவோம். கிறிஸ்துவின் உடலில் வேலையில்லாத உறுப்பு எதுவுமில்லை.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.