பூட்டும் பாட்டும்

பூட்டு மிகச் சிறிய பொருள். கைக்குள் அடங்கும்; பைக்குள் அடங்கும். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பூட்டு, ஒரு மாநகரின் பாட்டை அடக்கியது, ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதையே முடக்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்தப் பூட்டின் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பட்டம் தராத படிப்பை எனக்குத் தந்தது நாடக மேடை. முன்பொரு முறை, நாடகம் போடச் சென்ற ஊரில், பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது என்றார்கள். ஆவலோடு ஓடினேன். கதவிலே பூட்டு, பூட்டிலே துரு, சந்து வழியே எட்டிப் பார்த்தால், நடிகர்கள் நின்ற மேடையில் நெல் மூட்டைகள்! "எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, பெரியவரே?" என்று காவற்காரரைக் கேட்டேன். "பழுது பாக்கணும்னு பூட்டினாங்க தம்பி. பூட்டினவரு போய்ச் சேந்தே பத்து வருசமாச்சு" என்றார்.

சிரித்தேன், பிறகு சிந்தித்தேன். பழுது பார்க்கப் பூட்டப்படும் கதவுகள் ஏன் திறப்பதில்லை? விடை தேடிய என்னை, ஏடுகள் இத்தாலியின் தென்கோடித் தீவான சிசிலிக்கு, அதன் தலைநகர் பலெர்மோவுக்கு அழைத்துச் சென்றன.

அங்கே ஓர் அரங்கம் உண்டு. தியாத்ரோ மாசிமோ என்பது பெயர். மாபெரும் அரங்கு என்பது பொருள். பெயருக்கு ஏற்ற பேருரு! இத்தாலியிலேயே மிகப் பெரிய இசை நாடக அரங்கம் அது. ஐரோப்பாவிலே பாரிசும் வியன்னாவும் முந்த, மூன்றாவது இடம் இதற்கு என்பர். பண்டைய கிரேக்கர் சிசிலியில் விட்டுச் சென்ற கோயில்களை நினைவூட்டும் ஆறு தூண்கள் முகப்பிலே. அகன்ற படிக்கட்டின் இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள். அச் சிங்கங்களின் மீது கலையின் வடிவாக அமர்ந்த பெண்கள்!

எழுந்த வரலாற்றைக் கேளுங்கள். 1860ல் கரிபால்டி தன் செஞ்சட்டைப் படையுடன் பலெர்மோவுக்குள் நுழைந்தான். பழைய முடியாட்சி சரிந்தது, இத்தாலி ஒன்றாயிற்று. நான்கே ஆண்டில், 1864ல், நகராட்சி ஓர் அரங்கம் வேண்டும் என்று அறிவித்துப் போட்டி வைத்தது. கட்டடக் கலைஞர் பசீலே வென்றார். 1875ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையிலே வேலை பல ஆண்டுகள் நின்றது. 1891ல் பசீலே இறந்தார். தந்தை வரைந்ததைத் தனயன் முடித்தான்; எர்னஸ்தோ பசீலே அவன் பெயர். 1897ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' இசை நாடகத்துடன் கதவு திறந்தது.

முகப்பின் நெற்றியிலே ஒரு வாசகம் செதுக்கினார்கள். கலை மக்களைப் புதுப்பிக்கிறது. அவர்தம் வாழ்வை அவர்களுக்கே காட்டுகிறது. வருங்காலத்தை உருவாக்க முனையாத மேடை இன்பம் வீண் என்பது அதன் கருத்து. கல்லிலே எழுதினார்கள், தோழர்களே! காற்றிலே அல்ல, காகிதத்திலே அல்ல, கல்லிலே! நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்போர் பார்க்கட்டும் அந்தக் கல்லை.

அந்தக் கல்லுக்குக் கீழே இருந்த கதவு, 1974ல் மூடப்பட்டது. என்ன காரணம்? பழுது பார்ப்பு! பாதுகாப்புக்கான சில வேலைகள். முடிந்ததும் திறப்போம் என்றார்கள். மக்கள் நம்பினர், காத்திருந்தனர். ஓராண்டு போயிற்று, ஐந்தாண்டு போயிற்று, பத்தாண்டு போயிற்று, இருபதாண்டும் போயிற்று! கணக்கைப் பாருங்கள்: அடிக்கல் நாட்டியதிலிருந்து கட்டி முடிக்க ஆனது 22 ஆண்டு. பழுது பார்க்கப் பூட்டி வைத்தது 23 ஆண்டு! பூட்டிய அன்று பிறந்த பிள்ளை, மீசை முளைத்து, வேலை தேடி அலையும் வயதுக்கு வந்துவிட்டான்; தன் ஊர் அரங்கத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதை அறியாமலே!

அந்த அரங்கத்தில் பேய் உலவுகிறது என்றொரு கதை உண்டு. அரங்கம் கட்டுவதற்காகக் கன்னிமாடம் ஒன்றை இடித்தார்களாம். அப்போது கல்லறை கலைந்த துறவியின் ஆவி அங்கே அலைகிறதாம். நம்பாதவர் கால் ஒரு படியிலே இடறுமாம்! நான் சொல்கிறேன்: அங்கே உலவியது ஆவி அன்று, கோப்பு! ஆவிக்கும் கோப்புக்கும் ஓர் ஒற்றுமை: இருப்பதாகச் சொல்வார்கள், கண்ணிலே காட்ட மாட்டார்கள். 23 ஆண்டுக் காலம் மக்களை இடற வைத்தது துறவியின் படியா? அலுவலகப் படியா?

ஒரு பூட்டு தனியே தொங்குவதில்லை. அதைத் தொங்கவிட்ட காலம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1950களிலும் 60களிலும் பலெர்மோவிலே நடந்ததை, நகரின் சூறையாடல் என்றே வரலாறு குறிக்கிறது. தோட்டங்கள் அழிந்தன, மாளிகைகள் இடிந்தன, அந்த இடங்களில் காங்கிரீட் அடுக்கு வீடுகள் எழுந்தன. கட்டட உரிமங்களில் பெரும்பகுதி, கட்டடத் தொழிலுக்கே தொடர்பில்லாத ஐந்தே ஐந்து பேரின் பெயரால் வழங்கப்பட்டது. பின்னாலே நின்றது மாஃபியா. முன்னாலே நின்று கையொப்பமிட்டது நகர ஆட்சி. அரங்கத்தைக் கட்டி முடித்த எர்னஸ்தோ பசீலே எழுப்பிய அழகு மாளிகை ஒன்று, வில்லா தெலியெல்லா. 1959ல் ஓரிரவில் இடிக்கத் தொடங்கி அதைத் தரைமட்டமாக்கினார்கள். மகன் கட்டிய மாளிகையை இடித்த காலம், தந்தையின் அரங்கத்தைத் திறந்து வைத்திருக்குமா?

"வேறு அரங்கிலே நிகழ்ச்சிகள் நடந்துகொண்டுதானே இருந்தன?" என்று கேட்பார் உண்டு. ஆம், நடந்தன. அருகிலிருந்த பொலித்தேயாமா அரங்குக்கு இசை நாடகங்கள் மாற்றப்பட்டன. அதுதான் தந்திரம்! பிள்ளை அழும்போது கையிலே ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு, தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, மாற்று இடம் தந்தார்கள். மறதியையும் சேர்த்துத் தந்தார்கள். இதைவிடக் கொடிய வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1990ல் வெளிவந்த 'காட்ஃபாதர்' மூன்றாம் படத்தின் உச்சக்கட்டக் காட்சி, இந்த அரங்கின் படிக்கட்டிலேதான் எடுக்கப்பட்டது. ஊரின் பாட்டுக்குக் கதவு திறக்கவில்லை. மாஃபியாவின் கதைக்குப் படிக்கட்டு கிடைத்தது!

பிறகு எப்படித் திறந்தது? கொத்தனாரால் திறந்ததா? கோப்பால் திறந்ததா? கண்ணீரால் திறந்தது, தோழர்களே!

மாஃபியாவை எதிர்த்து வழக்கு நடத்திய நீதிபதிகள் இருவர். ஃபால்கோனே ஒருவர், போர்செல்லினோ மற்றொருவர். பலெர்மோவிலே பிறந்தவர்கள். நூற்றுக்கணக்கான குற்றவாளிகளைக் கூண்டிலேற்றிய அந்த மாபெரும் வழக்கின் தீர்ப்பை, 1992 சனவரியிலே நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வாண்டு மே 23ஆம் நாள், ஃபால்கோனேயும், அவர் மனைவியும், காவலர் மூவரும் நெடுஞ்சாலையில் வைத்த வெடியிலே மாண்டனர். சூலை 19ஆம் நாள் போர்செல்லினோவும் காவலர் ஐவரும் மாண்டனர். இரண்டு மாதம் நிறையுமுன் இரண்டு இடி!

அஞ்சி அடங்கியிருந்த நகரம் அன்று என்ன செய்தது? பெண்கள் வீட்டிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்தார்கள். கண்டன வாசகங்களை எழுதினார்கள். மாடிக் கைப்பிடிகளில் தொங்கவிட்டார்கள். வாளில்லை, வேலில்லை, வெள்ளைத் துணி! ஆனால் அந்தத் துணி சொன்னது, "இனி வாய்க்குப் பூட்டு இல்லை" என்று. வாய்ப்பூட்டு உடைந்தது முதலில். வாயிற்பூட்டு உடைந்தது பிறகு. இதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

1993ல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தனர். மாஃபியாவை எதிர்த்து நின்ற லியோலூக்கா ஒர்லாண்டோ, நூற்றுக்கு 75 என்ற அளவிலே வாக்குப் பெற்றார். அவர் சொல்லும் உவமை ஒன்று உண்டு: சிசிலி வண்டிக்கு இரண்டு சக்கரம், ஒன்று சட்டம், மற்றொன்று பண்பாடு, ஒன்று மட்டும் உருண்டால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும் என்பார். நம் ஊர் மாட்டுவண்டியைக் கண்டவருக்கு இதற்கு விளக்கம் தேவையா?

இரண்டாம் சக்கரம் உருண்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் நகரின் நினைவுச் சின்னங்களை ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒரு சின்னத்தைத் தத்தெடுத்தது; பிள்ளைகள் அதன் வரலாற்றைக் கற்றனர்; வருவோருக்கு அவர்களே வழிகாட்டினர். கூரையிழந்து கிடந்த ஸ்பாசிமோ தேவாலயம் 1995ல் கலைக்கூடமாகத் திறந்தது. பிறகு, 1997ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், நூறாண்டு நிறைவுக்கு நான்கே நாள் இருக்க, மாசிமோவின் கதவு திறந்தது! கிளாடியோ அப்பாடோ தலைமையிலே பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு முழங்கிற்று. மறு ஆண்டு, வெர்டியின் 'அய்டா' இசை நாடகம் மேடையேறியது.

கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாமா? கூடாது! திறப்பு விழா ஒருநாள் வேலை. திறந்து வைத்திருப்பது ஒவ்வொரு நாள் வேலை. திறந்த பிறகும் அரங்கத்தைக் கடன் துரத்தியது. நாடாவை வெட்டக் கத்திரிக்கோல் போதும். இசைக்குழுவுக்கும், பாடகருக்கும், ஆடுவோருக்கும், தச்சருக்கும், தையற்காரருக்கும், விளக்குப் போடுவோருக்கும் மாதந்தோறும் ஊதியம் தரப் பணம் வேண்டும், திட்டம் வேண்டும், உறுதி வேண்டும். பகலிலே வருவோருக்கு அரங்கைச் சுற்றிக் காட்டினார்கள். மாலையிலே நாடகம் நடத்தினார்கள். உள்ளே வட்டக்கூடம் ஒன்று உண்டு. அதன் நடுவிலே நின்று பேசினால், பேசுபவனுக்கே தன் குரல் பெருகிக் கேட்கும். ஊர் ஊராய் வந்து கேட்கிறார்கள் அந்த விந்தையை. 2018ல் பலெர்மோ, இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகர் என்று அந்த ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியால் பெயர் பெற்ற நகரம், பாட்டால் பெயர் பெற்றது!

"வயிற்றுக்குச் சோறில்லாத ஊரிலே வாய்ப்பாட்டு எதற்கு?" என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. கேள்வியிலே நியாயம் இருக்கிறது; தள்ளிவிட மாட்டேன். ஆனால், அரங்கத்தைப் பூட்டிய 23 ஆண்டிலே, பூட்டியவர்கள் ஏழைக்குச் சோறா போட்டார்கள்? கலையைப் பிடுங்கிய கை, சோற்றையும் பிடுங்கிய கைதான். திறந்த அரங்கமோ, பாடுபவனுக்கும் வேலை தரும். பல்லக்குச் செய்யும் தச்சனுக்கும் வேலை தரும். வெளியூரார் தங்கும் விடுதிக்கும், உண்ணும் கடைக்கும் வாழ்வு தரும்.

"அது செல்வர் அமரும் அரங்கமாயிற்றே!" என்பது அடுத்த கேள்வி. இது இன்னும் கூர்மையானது. சுற்றுலா வருவோருக்காக மட்டும் திறந்த அரங்கம், பூட்டாத அருங்காட்சியகம்தான், சந்தேகமில்லை. மாசிமோ அதை உணர்ந்தது. மக்கள் வராவிட்டால் மக்களிடம் போவோம் என்று, லாரியின் முதுகிலே மேடை அமைத்து, ஏழைகள் வாழும் பகுதிகளுக்கு இசை நாடகத்தைக் கொண்டு சென்றது. தெருமுனையிலே நின்று பேசிப் பழகிய நமக்கு அந்த மேடையின் அருமை தெரியாதா? மேலும், அயல்நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளைச் சேர்த்து வானவில் என்ற பெயரிலே ஒரு பாடற்குழுவையும் அமைத்தது.

அங்கே குடியேறியோர் யார் யார் தெரியுமா? ஆப்பிரிக்கர் உண்டு, வங்காளியர் உண்டு, தமிழரும் உண்டு! ஈழத்துப் போர்த்தீயிலே வீடிழந்து, நாடிழந்து சென்ற நம் உடன்பிறப்புகள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் அது. ஆகவே பலெர்மோ நமக்கு எங்கோ கிடக்கும் ஊர் அன்று. நம் பிள்ளைகள் பள்ளி செல்லும் ஊர். அந்தப் படிக்கட்டிலே மாலைவேளையில் அமரும் தமிழ்ச் சிறுவனுக்கு, கதவு பூட்டியிருந்த காலம் வெறும் பாட்டி கதை. அப்படித்தான் ஆக வேண்டும் எல்லாப் பூட்டுகளும்!

மாஃபியா முற்றிலும் மாண்டதென்று நான் சொல்லவில்லை. ஓர் அரங்கம் திறந்ததாலே உலகத்துத் தீமையெல்லாம் ஓடிவிடாது. ஆனால், எவர் அஞ்சுகிறார்களோ அவர்கள் முதலில் கூடுவதை நிறுத்துகிறார்கள். எவர் கூடுகிறார்களோ அவர்கள் அஞ்சுவதை நிறுத்துகிறார்கள். அரங்கம் என்பது மக்கள் கூடும் இடம். ஆகவேதான் கொள்ளையரின் ஆட்சிக்கு அதன் பூட்டு இனிக்கிறது.

தோழர்களே! நெல்மூட்டை அடுக்கிய அந்தக் கொட்டகையும், காவலிருந்த அந்தப் பெரியவரும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. உங்கள் ஊரிலும் ஒரு பூட்டு தொங்கலாம். நாடகக் கொட்டகையிலோ, நூலகத்திலோ, மன்றத்திலோ! அதைக் கடந்து போகும்போது கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். நின்று, மூன்று கேள்வி கேளுங்கள்: பூட்டியவர் யார்? பூட்டியது எதற்கு? திறப்பது எந்த நாள்?

முதல் நாள் விடை வராது. மறுநாளும் போய்க் கேளுங்கள். ஊரே வந்து கேட்கும்வரை கேளுங்கள். ஊர் கேட்டால், பூட்டு திறக்கும், பாட்டு பிறக்கும்!