ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். கணினி வல்லுநர் நிறைந்த இந்நகரில் நான் கணினியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் நம் சங்கத்துக்குப் பயன்படும் செய்தி ஒன்று இதில் உண்டு என்பதால் துணிகின்றேன்.

அறிந்த தொழிலிலிருந்தே தொடங்குகின்றேன். 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு அகலப்பாதை வந்தது. பின்னர் இங்கிருந்து மைசூருக்கு மீட்டர் பாதை போடப்பட்டது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 1000 மில்லிமீட்டர்; அகலப்பாதைக்கோ 1676. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே சரக்கை இறக்கி, மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. ஊர் ஒன்று, பாதை இரண்டு.

கணினியிலும் இவ்வாறே செய்யலாம். அதன் வட்டை இரு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸையும் மற்றொன்றில் லினக்ஸையும் நிறுவலாம். இயக்கியவுடன் 'கிரப்' என்னும் சிறு நிரல், எந்தப் பாதையில் செல்ல விருப்பம் என்று வினவும். அதுவே நம் பாயிண்ட்ஸ்மேன். இது புதுமையன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான 'பாஸ்' லினக்ஸும் ஒருங்கே அமைந்த கணினிகளை மாணவர்கள் பெற்றனர்.

இரண்டு எதற்கு என்பீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அப்படியானால் விண்டோஸை அடியோடு நீக்கிவிடலாமே என்றால், கூடாது என்பதே என் விண்ணப்பம்.

காரணம் கூறுகின்றேன். யூனிகோடு பரவுமுன், நம் போன்ற சங்கங்களின் மலர்கள் தனித்தனி எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டன. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் எழுத்தின் வடிவத்தை அமர்த்திய முறை அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கட்டுரை பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். அவற்றைத் தட்டச்சு செய்த மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அக்கட்டுரைகளை எழுதிய பெரியோர் சிலர் இன்று நம்மிடையே இல்லை. பழைய வாயிலை அடைத்துவிட்டால் அவர்களின் சொற்களும் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

ஆகவே பழைய பாதையில் கோப்பைத் திறந்து, யூனிகோடுக்கு மாற்றி, புதிய பாதையில் ஏற்றுங்கள். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. எந்த இயங்குதளத்திலும் அது ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் இரண்டிலும் உண்டு. விரல்கள் ஒருமுறை பழகினால் போதும்.

சில எச்சரிக்கைகள். வட்டைப் பிரிக்குமுன் எல்லாக் கோப்புகளுக்கும் வேறிடத்தில் படி எடுத்து வையுங்கள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபையும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் அது தன் பகுதியை முழுதும் மூடாமல் உறங்கும், லினக்ஸிலிருந்து அதில் எழுத இயலாது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறுகையில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கக் கண்டால் அஞ்சற்க. கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் நம் நாட்டு நேரமாகவும் கொள்வதே காரணம். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.

1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் மீட்டர் பாதைகள் பெரும்பாலும் அகலப்பாதைகளாயின. பாதையை மாற்றுமுன் பழைய நிலையத்துச் சரக்கு ஒன்றும் தேங்காமல் ஏற்றி அனுப்புவதே இரயில்வேக்காரன் கடமை. நம் பழைய மலர்கள் அத்தகைய சரக்கு. அவற்றை ஏற்றும் பணிக்கு இளைஞர் நால்வர் முன்வருவாராயின், ஞாயிறுதோறும் அவர்களோடு அமர நானும் ஆயத்தமாக உள்ளேன்.