மே மாதத்து வேடந்தாங்கல்

செங்கல்பட்டு மாவட்டத்தில் பிள்ளைகளோடு ஒருநாள் வெளியே போய்வர நினைக்கும் குடும்பங்களில் பல, முழுப்பரீட்சை முடிந்த பிறகுதான் புறப்படுகின்றன. கோடை முகாம்களும் அப்போதுதான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு இந்தக் கணக்கு சரிவரும். அங்கே புலி மே மாதத்திலும் இருக்கும். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குச் சரிவராது. வெடித்துக் கிடக்கும் ஏரித் தரையையும் வெயிலில் நிற்கும் மரங்களையும் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, ‘அங்கே ஒண்ணுமே இல்லை’ என்று சொன்னால் அதன்மேல் என்ன குற்றம்? இந்த மாவட்டத்தின் இயற்கையையும் வரலாற்றையும் குடும்பங்களுக்குக் காட்ட யார் நிகழ்ச்சி நடத்தினாலும், அதன் தேதியை மழையிடம் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் அங்கே பறவை தங்கும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டுவதற்குக் காரணம், சுற்றியிருக்கும் நீரே கூட்டுக்குக் காவல் என்பதுதான். நவம்பரில் வரத் தொடங்கும் கூட்டம் மார்ச் வரை இருக்கும். தை மாதத்தில் கரையில் நின்று பார்த்தால், கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீன் எடுப்பதைக் காணலாம். நத்தைகுத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் சந்துவிட்டு நிற்பது, தொலைநோக்கி இருந்தால் நன்றாகவே தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால்தான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர்களுக்கு ஒரு கவுல், அதாவது பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம், கிடைத்தது. அதை வழங்கிய லயோனல் பிளேஸ்தான் மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ கோயிலின் கதையில் வரும் துரையும். உடையப்போகும் ஏரிக்கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லேந்தி நின்று காத்ததைப் பார்த்ததாகச் சொல்லப்படுபவர். அவர் எதைப் பார்த்தார் என்பது நம்பிக்கையைச் சேர்ந்த விஷயம். ஆனால் மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று ஒரு வட்டாரமே விழித்திருந்தது என்பது வரலாறு. ஏரி தளும்பும் மார்கழியில் கரைமேல் நிற்கவைத்துச் சொன்னால், பறவைக் கதையும் கோயில் கதையும் ஒரே தண்ணீரைப் பற்றியவை என்று பிள்ளைக்குத் தானாகப் புரியும். மே மாதத்தில் இரண்டையும் தனித்தனியே விளக்க வேண்டியிருக்கும், அதுவும் அரைகுறையாக. வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான், ஆனால் ராம்சார் என்று எழுதிய பலகையைக் காட்டிவிட்டுத் திரும்புவதில் பயனில்லை.

பறவைக்குப் பருவம் உண்டு, கல்லுக்கு என்ன பருவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுவே ஒரு பிளவு ஓடுகிறது. அதில் நாகர்கள் மேலேறுகிறார்கள். பாறைக்கு மேலே தொட்டி கட்டி அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் விழச் செய்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே தவம் செய்பவர் அர்ச்சுனன் அல்ல, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்போரும் உண்டு. எப்படியானாலும் அந்தச் சிற்பம் தண்ணீரை எதிர்பார்த்துச் செதுக்கப்பட்டது. மழை ஓய்ந்த மார்கழிக் காலையில் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிவந்த எலிகளையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். சித்திரை வெயிலில் அந்தப் பாறை முன்னால் பிள்ளைகளை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும்?

கடற்கரையிலும் இதே கணக்குதான். தை, மாசி, பங்குனி இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி நூறுக்கு மேல் முட்டையிட்டுவிட்டுப் போகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிகிறது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று பருவந்தோறும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறது. பொதுமக்களையும் சில இரவுகளில் கூட்டிப்போகிறது. பருவத்தை ஒட்டிய குடும்ப நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நம்மிடம் இல்லை. மாமல்லபுரம் மணலிலேயே மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து வந்து, சேலையால் கூடாரம் கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் பேசி முடித்துப் போகிறார்கள். நிலவை நம்பி வருகிறவர்கள். கேமராவும் கையுமாக அதை வேடிக்கை பார்க்கப் போவதை மட்டும் நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது அவர்கள் வீட்டு விசேஷம்.

பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர் கேட்பார்கள். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் சரியாகப் பருவத்துக்கு நடுவில்தான் விழுகின்றன. ஒரு காலைப் பொழுது போதும். இதைவிடக் கனமான ஆட்சேபம், கூட்டம் கூடினால் பறவையும் ஆமையும் மிரளும் என்பது. வேடந்தாங்கலில் கூடுகள் ஏரிக்குள்ளே, மனிதர் கரைமேலே. சத்தத்தை அடக்கினால் சமாளிக்கலாம். ஆமைக் கரை அப்படியல்ல. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஊரும். அங்கே பத்துப் பதினைந்து பேருக்கு மேல் கூடாது, டார்ச்சும் கூடாது. பலருக்கு இடம் கிடைக்காமல் போகும், போகட்டும்.

மழை பொய்த்தால் என்ன செய்வது? பறவை வராது, நிகழ்ச்சியைத் தள்ளி வைக்க வேண்டியதுதான். ஏன் தள்ளி வைத்தோம் என்று பதிவு செய்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில்தான் வர முடியும் என்ற குடும்பத்துக்கும் காட்ட ஒன்று இருக்கிறது: வற்றிய ஏரியின் உள்ளே இறங்கி, தண்ணீர் நிற்கும்போது கண்ணில் படாத மதகையும், மிகுதி நீர் வழியும் கலங்கலையும் காட்டலாம். விளக்குவதற்கு, அந்த ஊரில் மதகைத் திறந்து மூடிய அனுபவமுள்ள நீர்க்கட்டி ஒருவரை அழைத்து, வந்துபோகும் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுக்கலாம்.